ஒரே பெயரில் இரண்டு மார்லினா

மக்கஸார்
4 செப்டம்பர் 2023

ஹஸ்னிதார் அக்கா,

கூப்பிட்டுட்டாங்க அக்கா, எந்த மேற்கோள் மென்பொருள்னு முடிவு பண்ற கூட்டத்துல ரெஃபோவுக்காகப் பேச என்னைக் கூப்பிட்டுட்டாங்க, இன்னும் பட்டமே வாங்காத இந்த டென்ரியை!!!

இரு, மூச்சு வாங்கிக்கிறேன்.

நீ என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டாய். இன்ஸ்டாவிலும் அப்படியே. ரெஃபோவில் நாம் ரெண்டு பேரும் சேர்ந்து வளர்த்த கட்டுரை நூலகத்தை விட்டுக்கூட வெளியே போய்விட்டாய், அதுதான் ரொம்ப வலித்தது. மிச்சம் இருப்பது காகிதம். தபால்தலையை எந்த மூலையில் ஒட்டுவது என்று இணையத்தில் தேடி ஒட்டினேன். உன் தனகேகே தீவுக்குப் போய்ச் சேர எத்தனை வாரம் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தகாலார் படகுத்துறைக்கே போய், உங்கள் ஊர்ப் படகுக்காரர் டாயெங் நாபாவைப் பிடித்தேன்.

"என்ன பாப்பா, இந்தக் காலத்துல கடுதாசி? போன் கெட்டுப்போச்சா?"

"போன் நல்லாத்தான் இருக்குண்ணே. அந்தப் பக்கம் இருக்கிறவங்க மனசுதான் கெட்டுப்போச்சு."

சிரித்தார். எழுதித் தந்தால் கொண்டுபோவதாகச் சொன்னார். நல்ல மனுஷன்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருடத்திலிருந்து எல்லா ஆய்வேட்டுக்கும் ஒரே மென்பொருள்தான் என்று முதுகலைப் பிரிவு கட்டாயமாக்கப் போகிறது. நூலகப் பதிவில் உன் பெயர் எப்படி ஏறும் என்பதும் அந்த மென்பொருள் கையில்தான். போட்டியில் நிற்பது இரண்டு. ஒன்று காசு கட்டி வாங்கும் சிட்டாரா. இன்னொன்று நம்ம ரெஃபோ, உலகம் முழுக்க இருக்கிற தூக்கம் வராத புத்திசாலிகள் சேர்ந்து இலவசமாகச் செய்தது. சிட்டாரா விற்பனைக்காரர் ஏற்கெனவே வந்து எல்லாப் பேராசிரியர்களுக்கும் குடையும் தண்ணீர்ப் புட்டியும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ரெஃபோவிடம் குடை கிடையாது. நான்தான் இருக்கிறேன்.

நான் பேசப்போகிற முதல் வரியைக் கேள். "நாம எழுதுற ஒவ்வொரு வரிக்கும், 'இதை யார் சொன்னாங்க?'ன்னு யாராவது கேட்டா, ஆய்வேட்டோட கடைசிப் பக்கத்துல பதில் இருக்கணும். அந்தப் பதிலைத் தப்பில்லாம அடுக்கிக் குடுக்கறதுதான் ரெஃபோ!" எப்படி? கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், எனக்கே கை தட்டத் தோன்றியது.

'தப்பில்லாம' என்ற இடத்தில் நீ பல்லைக் கடிப்பாய், தெரியும். ஜூலையில் உன் வைவாவில் நடந்ததற்கு எனக்கும் வருத்தம்தான். ஆனால் நாம் சேர்ந்து தங்கியிருந்த அறையின் வாசலில் நின்று, பக்கத்து அறைக்காரிகள் எல்லாம் எட்டிப் பார்க்க, எல்லாம் என்னால்தான் என்று கத்தினாய் பார், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கூட்டம் அக்டோபர் 18. வந்து என் பக்கத்தில் உட்கார். முடியாவிட்டால் ஒரு வரியாவது எழுது.

உன் (இன்னும் உன்தான்),
டென்ரி


தனகேகே
13 செப்டம்பர்

டென்ரி,

கடிதம் வந்தது. டாயெங் நாபா அதைக் கருவாட்டுக் கூடை மேல் வைத்து ஓட்டிக்கொண்டு வந்ததால் நீ சொன்னதையெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தேன்.

வைவா அன்று நீ வெளியே நாற்காலியில் இருந்தாய். உள்ளே என்ன நடந்தது என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை. கத்த மட்டும்தான் செய்தேன். இப்போது எழுதுகிறேன், படித்துக்கொள்.

தேர்வாளராக உட்கார்ந்திருந்த மார்லினா மேடம் என் ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஹஸ்னிதார், இந்த வரியைக் கொஞ்சம் சத்தமா படிங்க."

படித்தேன். 'கடற்பாசி வெளுப்பு நோய்க்குக் கடல்நீர்ச் சூடே காரணம் என்று சொன்ன மார்லினா, பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, பாக்டீரியாதான் காரணம் என்றார்.'

"இந்த மார்லினா யாரு?"

"நீங்கதான் மேடம்."

"நான் எப்பம்மா மாத்திக்கிட்டேன்? எனக்கே தெரியாம?"

பக்கத்தில் இருந்த இன்னொரு தேர்வாளர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. "வேலைக்கு வந்த நாள்லேருந்து சூடு, சூடுன்னு கத்திக்கிட்டு இருக்கேன். என் எதிர்லயே உக்காந்து நான் கட்சி மாறிட்டேங்கிறீங்க. மூட்டை கட்டிட்டுப் போய் ஒழுங்கா எழுதிட்டு வாங்க" என்று சொல்லி மூடிவைத்தார்.

பாக்டீரியா என்று எழுதியவர் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், கெண்டாரியில் இருக்கும் வேறொரு மார்லினா. அவருக்கும் நம்மைப் போலவே முன்னால் எதுவும் இல்லை, பின்னால் குடும்பப் பெயரும் இல்லை, ஒற்றைப் பெயர்தான். நம் ரெஃபோ நூலகத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே ஆளாகக் கிடந்தார்கள். 'அக்கா, நூலகத்தைச் சுத்தம் பண்ணிட்டேன், பளபளன்னு இருக்கு' என்று அதற்கு முந்தைய வாரம் செய்தி அனுப்பியது யார்?

என் அம்மாவும் அப்பாவும் வைவாவுக்காக நல்ல உடுப்புப் போட்டு, படகேறி, பேருந்து மாறி வந்து, அந்த வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் 'இன்னைக்கு இல்லையாம்' என்று சொன்னது நான்.

இன்னொரு செய்தி. உன்னைக் கூப்பிட்ட அதே குழு எனக்கும் எழுதியிருக்கிறது. ரெஃபோவைப் பயன்படுத்தியதால் எனக்கு நேர்ந்ததை எழுத்தில் தர வேண்டுமாம். கூட்டத்தில் வாசிப்பார்களாம். இரண்டாவது வைவா நவம்பரில். அதற்கு முன் இதையும் எழுதித் தந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

ஹஸ்னிதார்


மக்கஸார்
18 செப்டம்பர்

அக்கா,

எழுது. தாராளமாக எழுது. ரெஃபோவைக் குழி தோண்டிப் புதை. குடைக்காரருக்கு ஒரே கொண்டாட்டமாக இருக்கும்.

ஆனால் முழுசாக எழுது. ரெஃபோ என்னிடம் கேட்டது: 'இந்த இருவரும் ஒருவரா?' என்று பெட்டி திறந்து கேட்டது. ஆமாம் என்று அழுத்தியது நான். அதை நான் எப்போது மறுத்தேன்? ஆனால் 'கருத்தை மாற்றிக்கொண்டு' என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதை எந்தப் பெட்டியும் எழுதவில்லை. அதை எழுதிய ஆள் இரண்டு கட்டுரையின் முதல் பக்கத்தையும் திறந்து பார்த்திருந்தால், ஒன்றில் மக்கஸார், இன்னொன்றில் கெண்டாரி என்று அச்சிலேயே இருந்திருக்கும். நீ சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதினாய். எனக்குத் தெரியும், ஏனென்றால் பக்கத்துக் கட்டிலில் நான்தான் நூடுல்ஸ் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் அம்மா அப்பா வந்ததைச் சொல்லிவிட்டாய். அவர்களுக்கு அன்று நான்தான் ஐஸ் பிசாங் ஹிஜாவ் வாங்கிக் கொடுத்தேன். உன் அப்பா வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு ஐஸை அப்படியே வைத்திருந்தார். அது உருகிக்கொண்டே இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் இவ்வளவு குதிக்கிறேன் என்று கேட்பாய். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணினி யாரும் சொல்லித் தரவில்லை. ரெஃபோவின் இணைய மன்றத்தில் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அங்கே நான் எந்த ஊர், எந்த வருடம் என்று யாரும் கேட்டதில்லை. என் கேள்விக்கு ஆளே தெரியாத யாரோ அவர்கள் ஊர் விடியற்காலையில் எழுந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது என் ஆன்லைன் குழுவில் மக்கஸார் பிள்ளைகள் மட்டும் ஒரு கல்யாண மண்டபம் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லித்தருகிறேன். இது என் வீடு அக்கா. அதை நீ ஒரு தாளில் எழுதி மூடிவிடலாம், அவ்வளவு பலம் உன் கையில் இருக்கிறது.

இன்னொன்று. கல்லூரி வாசலில் மார்லினா மேடம் படம் போட்டுப் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். இந்த ஆண்டில் அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளராம். தினமும் அந்த முகத்துக்குக் கீழேதான் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். பார்க்கும்போதெல்லாம் 'நான் எப்பம்மா மாத்திக்கிட்டேன்' என்று கேட்கிற மாதிரியே இருக்கிறது.

டென்ரி


தனகேகே
29 செப்டம்பர்

டென்ரி,

சுருக்கத்தை மட்டும்தான் படித்தேன். சரி. அதை இனி மறுபடியும் எழுதாதே, ஒரு தடவை போதும்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'ரெஃபோவால் இப்படி ஆனது' என்று ஆரம்பித்தேன். அப்புறம், சிட்டாராவில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாமல் எப்படி எழுதுவது என்று கை நின்றுவிட்டது. குழு எனக்கும் சிட்டாராவுக்கு ஒரு சோதனைக் கணக்கு அனுப்பியிருந்தது. இங்கே படகுத்துறை முனையில் மட்டும்தான் சிக்னல். மடிக்கணினியோடு போய் உட்கார்ந்தேன்.

முதலில் பெயர் கேட்டது. ஹஸ்னிதார் என்று போட்டேன். குடும்பப் பெயர் கேட்டது. காலியாக விட்டேன். சிவப்பாகக் கோடு போட்டு, உள்ளே விடவே இல்லை. விமான டிக்கெட் எடுக்கும்போது நாமெல்லாம் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஹஸ்னிதார் ஹஸ்னிதார். உடனே பல்லைக் காட்டி வரவேற்றது. என் ஆய்வேட்டை அதில் ஏற்றிப் பார்த்தால் 'ஹஸ்னிதார், ஹ.' என்று வந்தது.

டாயெங் நாபா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, உன் பேரு ரெண்டு தடவ வருது?"

"குடும்பப் பேர் வேணுமாம்ணே."

"அதான் இல்லையே?"

"இல்லேன்னா விட மாட்டேங்குது."

"அப்போ ரெண்டு ஆளா சேத்துக்கிச்சா? ரெண்டு சம்பளம் கேளு!"

படகில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. என் அம்மா என் பெயரைப் பொறுக்கி எடுத்தபோது பாதியில் விட்டுவிடவில்லை. அது முழுப் பெயர். அதோடு ஒட்டிக்கொள்ள ஒரு 'ஹ.' தேவையில்லை. நான் முதுகலை முடித்துவிட்டு நூலகத்தில் நிற்கப்போவது யாரோ 'ஹஸ்னிதார், ஹ.' என்ற பெண்ணாகவா?

அடுத்து இரண்டு மார்லினாவையும் உள்ளே போட்டேன். ரெஃபோ உன்னைக் கேட்டது என்றாய். இது கேட்கவே இல்லை. போட்ட கையோடு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, 'உங்கள் நூலகம் சீராக உள்ளது' என்றது.

இந்தத் தீவில் இரண்டு நாபா உண்டு. துறைமுனை நாபா, கிணற்றடி நாபா. ஒருவர் கடனை இன்னொருவர் தலையில் யாரும் கட்டியதில்லை. ஊரைச் சேர்த்துச் சொன்னால் முடிந்துபோகிற விஷயம். இது உன் புத்திசாலிகள் யாருக்கும் தோன்றவில்லையா?

ஒன்று பார்த்துச் சொல். வாசல் பேனரில் மார்லினா மேடத்துக்கு 'அதிக மேற்கோள்' என்று போட்டிருப்பதாக எழுதினாய். அந்தக் கணக்கை எங்கிருந்து எடுத்தார்கள்? எனக்கு இங்கே சிக்னல் போய்விட்டது.

இன்னும் நான் எதுவும் முடிவு செய்யவில்லை. சந்தோஷப்பட்டுவிடாதே.

ஹஸ்னிதார்


மக்கஸார்
5 அக்டோபர்

அக்கா அக்கா அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

பார்த்தேன். பேனர் கணக்கு நாடு முழுக்கத் தொகுக்கிற ஆய்வாளர் பட்டியலிலிருந்து எடுத்ததுதான். அதில் மேடம் பெயருக்குக் கீழே இருக்கிற கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். உன்னிடம் திட்டு வாங்கியவள் இல்லையா, ஒவ்வொன்றுக்கும் முதல் பக்கத்தையும் பார்த்தேன். கிட்டத்தட்டப் பாதி கெண்டாரி! பாக்டீரியா, பாக்டீரியா, பாக்டீரியா! மேடம் வாழ்நாள் முழுக்க எதை எதிர்த்துக் கத்தினாரோ அதெல்லாம் அவர் கணக்கிலேயே ஏறியிருக்கிறது! நாம் செய்த தப்பை இந்த நாடே செய்துகொண்டிருக்கிறது. அந்த பேனரில் இருப்பது அரை மேடம், அரை கெண்டாரி!

நான் என்ன செய்யப்போகிறேன் தெரியுமா? பதினெட்டாம் தேதி, ஓட்டுப் போட மேடம் உட்பட எல்லாரும் வந்திருக்கும்போது, பெரிய திரையில் போட்டுவிடப்போகிறேன். 'உங்கள் கருத்தை மாற்றியது ஹஸ்னிதார் இல்லை, நீங்களே மாற்றிக்கொண்டு பேனரும் கட்டியிருக்கிறீர்கள்' என்று. உனக்காக! குடைக்காரர் குடையைக் கொண்டே முகத்தை மூடிக்கொள்வார்.

அப்புறம், உன் இரண்டு நாபா. அந்த வரியைப் படித்ததும் கத்தியே விட்டேன், மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா கீழே வந்துவிட்டார். அன்றைக்கே உட்கார்ந்து ரெஃபோவுக்கு ஒரு திருத்தம் எழுதிவிட்டேன்: ஒற்றைப் பெயர் ஒற்றையாகவே நிற்கும். அதே பெயரில் இன்னொருவர் வந்தால் மட்டும் இருவர் பக்கத்திலும் ஊர் வரும். மார்லினா (மக்கஸார்). மார்லினா (கெண்டாரி). மன்றத்தில் போட்டேன். நார்வேக்காரர் ஒருவர் உடனே வந்துவிட்டார்.

"இது எப்படி? ரெண்டு பேருக்கு முழுப் பேரும் ஒண்ணா இருக்குமா? உங்க ஊர்ல குடும்பப் பேரெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. வரவே இல்ல" என்று எழுதினேன்.

ஒரு பெரிய சிரிப்பு போட்டார். பரிசீலனையில் இருக்கிறதாம். கைகூப்பிக்கொண்டு டைப் அடிக்க முடியாதே, முடிந்தால் வேண்டிக்கொண்டேதான் அடித்திருப்பேன்.

திரையில் போட்டுவிடவா? சொல்லு!

டென்ரி


தனகேகே
10 அக்டோபர்

டென்ரி,

போடாதே.

மடிந்த தாளில் என்னவெல்லாமோ எழுதி அடித்துவிட்டேன். கடைசியில் இதுதான் மிச்சம்: போடாதே.

அந்த வைவா அறையில், எல்லார் முன்னாலும், தெரியாமல் செய்ததை வேண்டுமென்றே செய்தவள் மாதிரி நின்றேன். என் காது எப்படிச் சுட்டது என்று எனக்குத் தெரியும். அந்த மேடத்துக்கு அதே சூட்டை உன் கையால் கொடுத்து ஜெயிக்கிற ரெஃபோ எனக்கு வேண்டாம். அவர் அந்தக் கணக்கைத் திருடவில்லை. யாரோ கொண்டுவந்து அவர் கூடையில் போட்டுவிட்டுப் போனது.

கூட்டத்துக்கு முன்னால் அவர் அறைக்குப் போ. கதவைச் சாத்திக்கொள். பார்த்ததைச் சொல். அதற்கப்புறம் அவர் என்ன செய்கிறாரோ அது அவர் பாடு. கோபத்தில் அவர் சிட்டாரா பக்கம் கை தூக்கினாலும் பரவாயில்லை. நீ நேராகப் போய் நின்றாய் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். நீ மட்டும் திரையில் போட்டால், நீ ஜெயித்தாலும் எனக்குப் பெருமை இருக்காது.

என் அறிக்கை இதே படகில் போகிறது. வேறு உறையில், ஒட்டி. டாயெங் நாபாவிடம் சாமர்த்தியமாகப் பேசிப் பிரித்துப் பார்க்க முயற்சி செய்யாதே. அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஹஸ்னிதார்


மக்கஸார்
19 அக்டோபர்

அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குதித்தால் மன்னித்துக்கொள்.

பதினாறாம் தேதி மேடம் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"மேடம், உங்க பேர்ல இருக்கிற கட்டுரைல பாதி... உங்களோடது இல்ல."

"என்னம்மா சொல்ற?"

திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார். "இது நான் எழுதலையே. இதுவும் இல்ல. இது கெண்டாரியா? நான் கெண்டாரிக்கு என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனதோட சரி." அப்புறம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியாக அந்த பேனரின் முதுகுதான் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு... ஹஸ்னிதார்... அதுவும் இதைத்தானே பண்ணிச்சு?"

"ஆமா மேடம்."

"நான் அவளை அனுப்பிட்டேன். எனக்கு இவங்க பேனர் கட்டுறாங்க." பிறகு அந்தக் கட்டுரையில் இருந்த எண்ணைத் தேடிப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார், அக்கா, என் எதிரிலேயே!

"ஹலோ, மார்லினா பேசுறேன்."

"நானும் மார்லினாதான் பேசுறேன். யாரு வேணும்?"

"நீங்கதான் வேணும்."

கெண்டாரிக்காரர் வெடித்துச் சிரித்தார். "அட, சூடு மார்லினாவா? என் மாணவன் ஒருத்தன் நான் பாக்டீரியாவை விட்டுட்டு சூட்டுக்குப் போயிட்டேன்னு எழுதிட்டு வந்தான். ஒரு வாரம் அவன்கூடப் பேசல!" அதற்கப்புறம் இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். சூடுதான், இல்லை பாக்டீரியாதான், சூட்டில்தான் பாக்டீரியா வளர்கிறது, அப்படியென்றால் யார் முதல் காரணம், தரவு எங்கே, தரவை அனுப்புங்கள் என்று. நான் நைசாக எழுந்து வெளியே வந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

இப்போது கூட்டம். குடைக்காரர் முதலில் பேசினார். வழவழ என்று இருந்தது. நான் பேசினேன். முதல் வரியிலேயே விக்கல் வந்துவிட்டது, சிட்டாரா புட்டியிலிருந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கப்புறம் பிய்த்து உதறிவிட்டேன், சத்தியமாக. அன்று காலையில்தான் நார்வேக்காரர் நம் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார், இப்போது உலகத்தில் யார் ரெஃபோவை இறக்கினாலும் உன் இரண்டு நாபா அதற்குள் இருக்கிறார்கள். அதையும் சொன்னேன். யோசனை யாருடையது என்றும் சொன்னேன்.

பிறகு துணை டீன் உன் உறையைப் பிரித்தார்.

"ஹஸ்னிதார்... அப்புறம்? மிச்சப் பேர் எங்க?"

"அவ்வளவுதான் சார்" என்று நானும் மார்லினா மேடமும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவர் வாசித்தார். நீ எழுதியது உனக்கே தெரியும், ஆனாலும் அந்த அறையில் அது எப்படிக் கேட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் திருப்பி எழுதுகிறேன்.

'என் ஆய்வேட்டில் தவறு நடந்தது. ரெஃபோ, இருவரும் ஒருவரா என்று கேட்டது. ஆம் என்றாள் என் தோழி. அதை நம்பி, கட்டுரையைத் திறக்காமல் எழுதியவள் நான். அதே இரண்டு பேரைச் சிட்டாராவிலும் போட்டுப் பார்த்தேன். அது யாரையும் கேட்காமல் சேர்த்துவிட்டது. என் பெயரை இரண்டு முறை எழுதும்வரை உள்ளே விடவும் இல்லை. கேள்வி கேட்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது கேட்கும்போது பார்த்துப் பதில் சொல்ல மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அதற்கு என் தோழி டென்ரியைவிடப் பொருத்தமான ஆள் இந்த வளாகத்தில் இல்லை, ஏனென்றால் இனி அவள் ஒருநாளும் பார்க்காமல் அழுத்தமாட்டாள். என் பெயர் ஹஸ்னிதார். ஒரு முறை எழுதினால் போதும்.'

அழுதேன். குடைக்காரர் கைக்குட்டை கொடுத்தார். பாவம், கெட்ட மனுஷன் இல்லை.

அப்போது மேடம் எழுந்தார். அவரே எல்லாவற்றையும் சொன்னார், கெண்டாரி, பேனர், போன், எல்லாம். ஒரு வார்த்தையை விழுங்கவில்லை. துணை டீன் அவசரமாக, "பேனரை இன்னைக்கே கழட்டிடலாம் மேடம்" என்றார்.

"எதுக்குக் கழட்டணும்? பக்கத்துல இன்னொண்ணு கட்டுங்க. கெண்டாரி மார்லினாவுக்கு."

"மேடம், அவங்க வேற பல்கலைக்கழகம்!"

"பேரு நம்ம பேருதானே சார்!"

வாக்கெடுப்பு. ரெஃபோ அக்கா! நம்ம ரெஃபோ! இரண்டு கைதான் எதிரே எழுந்தது, அதில் ஒன்று சும்மா தலை சொறியத் தூக்கியது என்று பிறகு சொன்னார்கள்.

உன் டென்ரி


தனகேகே
28 அக்டோபர்

டென்ரி,

படகுத்துறையிலேயே நின்று படித்தேன். டாயெங் நாபா, "என்னம்மா, நல்ல சேதியா, கெட்ட சேதியா? மூஞ்சியைப் பார்த்தா தெரியலையே" என்றார். "ரெண்டு மார்லினா சண்டை போட்டுக்கிட்டாங்கண்ணே" என்றேன். "அப்போ நல்ல சேதிதான்" என்றார்.

உன்னை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். உடனே பதினைந்து செய்தி அனுப்பாதே.

அறை வாசலில் நின்று கத்தியதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதை நேரில்தான் சொல்ல முடியும்.

வைவா நவம்பர் 16. இந்த முறை உள்ளே வந்து உட்கார். அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். அப்பா ஐஸ் சாப்பிட மாட்டார், பல் கூசும். அன்றும் அதனால்தான் வைத்திருந்தார். அவருக்குச் சூடாக பிசாங் எபே, அந்தச் சுட்ட வாழைப்பழம், வாங்கி வை.

ஹஸ்னிதார்


மக்கஸார்
27 நவம்பர்

ஹஸ்னிதார் அக்கா, முதுகலை (இதைத் தினமும் எழுதுவேன், தடுக்க முடியாது),

நீ திரும்பிப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என் ஆன்லைன் குழுவில் என்ன நடந்தது என்று கேட்டு ஒரே அமர்க்களம். அதனால் இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துக் குழுவிலும் போடப்போகிறேன். உன் அனுமதி இல்லாமல் போடமாட்டேன், சரி என்று ஒரு வார்த்தை அனுப்பு, துறைமுனைக்கு ஓடு!

வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹஸ்னிதார் அக்காவின் இரண்டாவது வைவாவில் மார்லினா மேடம் சும்மா விடவில்லை. கேட்டார், கேட்டார், பிழிந்து எடுத்தார். கடைசியில் மேற்கோள் பட்டியலைத் திரையில் போடச் சொன்னார். மார்லினா (கெண்டாரி), மார்லினா (மக்கஸார்), அடுத்தடுத்த வரியில். மேடம் எழுந்து நின்று அதை போனில் படம் எடுத்து, அங்கேயே கெண்டாரிக்கு அனுப்பிவிட்டு, "சரி, இப்ப சொல்லுங்க, நாங்க ரெண்டு பேருல யாரு சரி?" என்றார். அக்கா சொன்னாள்: "மேடம், நான் எடுத்த கடல்தண்ணி மாதிரிகள்ல ரெண்டும் இருந்துச்சு. சூடு ஏறின வாரத்துக்கு அடுத்த வாரம் பாக்டீரியா. உங்க ரெண்டு பேரையும் தனித்தனியா வச்சதுனாலதான் அது எனக்குத் தெரிஞ்சுது." அக்காவின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லாருக்கும் முன்னால் கை தட்டியது அவர்தான்.

வெளியே வந்தால், வாசலை அடைத்துக்கொண்டு, பூவால் ஜோடித்த ஒரு வாழ்த்துப் பலகை! அதில் எழுதியிருந்தது: 'வெற்றி பெற்ற ஹஸ்னிதாருக்கு வாழ்த்துகள். இப்படிக்கு, மார்லினா (இன்னொருவர்).'

இப்போது நம் வேலை. நம் திருத்தம் உலகம் முழுக்கப் போய்விட்டது, ஆனால் ஊர் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். யார் எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்? நமக்குத்தான். அதனால், ஒற்றைப் பெயர்க்காரர்களே! படிவத்துக்காகப் பேரை ரெண்டு தடவ அடிச்சவங்களே, அப்பா பேரை இரவல் வாங்கினவங்களே, காலிக் கட்டத்துல ஒரு புள்ளி வச்சு ஒப்பேத்தினவங்களே! உங்க பேரு, உங்க ஊரு, நீங்க ஆராயுற விஷயம், மூணே வரி, இதுக்குக் கீழ எழுதுங்க. வெட்கப்படாதீங்க, ஒரு தடவ எழுதினா போதும். உங்க நண்பர்களுக்கும் அனுப்புங்க. உங்க பேர்லயே வேற யாராவது இருந்தா, தேடிக் கண்டுபிடிச்சு, போன் போட்டு, கையோட அவங்களையும் கூட்டிட்டு வாங்க!